பக்கத்து வீட்டு நாய்க்கும் அதே இருமல்

மூன்று வருடங்களுக்கு முன், மகளின் பிரசவத்துக்காக நானும் என் கணவரும் அமெரிக்காவில் அரிசோனாவுக்குப் போயிருந்தோம். எங்களுக்கு ஊர் கோவை பக்கம் அன்னூர். பம்ப் மோட்டாருக்கு உதிரி பாகம் செய்யும் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார் அவர். சும்மா உட்காரவே தெரியாத மனிதர். பேத்தி பிறந்து வீடு ஒரு நிலைக்கு வந்ததும், மகள் வீட்டுக்குப் பின்னால் வறண்டு கிடந்த மண்ணைக் கடப்பாரையால் கிளறி, முருங்கையும் கறிவேப்பிலையும் வைக்க ஆரம்பித்துவிட்டார். மழையே அபூர்வமான இடம் அது. தோண்டத் தோண்டப் புழுதி மாவு மாதிரி பறக்கும். வேலை முடிந்து உள்ளே வரும்போது புருவமெல்லாம் வெளுத்திருக்கும். அதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம்.

ஊர் திரும்பிய கொஞ்ச நாளிலேயே அவருக்குக் காய்ச்சல் வந்தது. கூடவே வறட்டு இருமல். விமானப் பயணத்தில் ஒட்டிக்கொண்ட சளி என்று நினைத்து மாத்திரை வாங்கிப் போட்டோம். காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை. முட்டியெல்லாம் வலிக்கிறது என்றார். தூங்கி எழுந்தால் பனியன் நனைந்திருக்கும். ஏற்கெனவே சர்க்கரை உள்ள உடம்பு. சட்டை தோளில் தொங்க ஆரம்பித்ததும் பயந்துபோய், கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை. குழாய் விட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை, காசநோயாக இருக்கலாம் என்று ரிப்போர்ட் வந்தது. பட்டறைக்காரர், சர்க்கரைக்காரர், நம் ஊரில் பரவலாக இருக்கிற நோய். டாக்டர் அப்படி முடிவு செய்ததில் தப்பு சொல்ல முடியாது. மறுநாளே காசநோய் மாத்திரை ஆரம்பித்தது.

மாத்திரையை ஒரு வேளைகூட அவர் தவறவிட்டதில்லை. ஆனால் மாதங்கள் போனதே தவிர, இருமல் குறையவில்லை. மருந்துக்கு அடங்காத காசநோயாக இருக்குமோ என்று இன்னும் கடுமையான மாத்திரைக்கு மாற்றினார்கள். அதைச் சாப்பிட்டால் வாந்தி. படியேறி மாடிக்குப் போவதையே விட்டுவிட்டார்.

நோயைவிட என்னை வாட்டியது வேறு. தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் அவரே தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். பட்டறைக்குப் போவதில்லை. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கும் என்னை மட்டும் அனுப்பினார். அப்பாவைப் பார்க்கக் குழந்தையோடு வருகிறேன் என்று மகள் டிக்கெட் பார்த்தபோது, வரவே கூடாது என்று முதல் முறையாக அவளிடம் கோபப்பட்டார். தன் மூச்சு பேத்தி மேல் பட்டுவிடக் கூடாது என்று அவருக்கு அவ்வளவு பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி தன் நாயைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் அலைகிறாளாம். நாய் இருமுகிறது, நொண்டுகிறது, இளைத்துவிட்டது. அந்த ஊர் மண்ணில் ஒரு பூஞ்சை இருக்கிறது, புழுதியோடு மூச்சில் போய் நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும், தோண்டி விளையாடும் நாய்களுக்கு அடிக்கடி வரும் என்று டாக்டர் சொன்னாராம். போகிற போக்கில் சொல்லிவிட்டு, பேத்தி நடை பழகும் கதைக்குப் போய்விட்டாள்.

எனக்கு அதற்குப் பிறகு எதுவுமே காதில் விழவில்லை. “அந்த நாய்க்கு என்னென்ன பண்ணுச்சு, மறுக்கா சொல்லு கண்ணு” என்றேன். அவள் சொல்லச் சொல்ல, அத்தனையும் என் கணவருக்கும் பொருந்தியது. இருமல், இளைப்பு, கால் வலி. தோண்டுவது. அந்த நோய் மனிதர்களுக்கும் வருமா என்று கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அன்றைக்கே விசாரித்து, அங்கே நிறையப் பேருக்கு வருகிறது, காசநோய் மாதிரியே தெரியும் என்று கூப்பிட்டுச் சொன்னாள்.

விஷயத்தைச் சொன்னதும் என் கணவர் சிரித்தார். “ஏம்மணி, இத்தன வைத்தியம் பாத்தாச்சு, இனி எனக்கு நாய் வைத்தியந்தான் பாக்கியா?” அவர் சிரித்தே வெகு நாள் ஆகியிருந்தது. ஆனால் நான் விடுவதாக இல்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். வெளியே கூட்டம் நெரிந்தது. பொறுமையாகத்தான் கேட்டார். இத்தனை வருட அனுபவத்தில் இங்கே அப்படி ஒரு கேஸ் பார்த்ததில்லை, மருந்தை நிறுத்தினால் ஆபத்து என்றார்.

“இங்க பாத்திருக்க மாட்டீங்க சார். நாங்க அங்க போயி வாங்கிட்டு வந்தமுங்க” என்றேன்.

அவர் அதே மருந்தை மறுபடி எழுதிக் கொடுத்தார். நாங்களும் மருந்தை நிறுத்தவில்லை. ஆனால் அந்த வாரமே, தொற்றுநோய்களுக்கென்றே தனியாகப் படித்த ஒரு டாக்டரம்மா வேறொரு ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று விசாரித்து என் கணவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்று அடம் பிடித்தார். “எனக்காக ஒருக்கா வாங்க. அந்த டாக்டரம்மாவும் இல்லேன்னு சொல்லிப்போட்டா இனி வாயே தொறக்க மாட்டேன்” என்றதும்தான் செருப்பை மாட்டினார்.

அந்த டாக்டரம்மா ஃபைலைத் திறக்கும் முன்பே, காய்ச்சல் வருவதற்கு முன்னால் எங்கெங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார். அரிசோனா என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முருங்கை நட்ட கதை, புழுதி, நாய், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சந்தேகம் நியாயமானது, ஆனால் நிரூபிக்க வேண்டும் என்றார். முன்பு எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள், அதை வாங்கி வந்தால் பூஞ்சைக்கான தனிச் சாயம் போட்டுப் பார்க்கலாம், மறுபடி குழாய் விட வேண்டியதில்லை என்றார்.

பழைய ஆஸ்பத்திரி லேபில் அதை உடனே தரவில்லை. முதலில் பார்த்த டாக்டரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். நாளைக்கு வாருங்கள் என்றார்கள். “பரவால்லீங்க, இருந்தே வாங்கிட்டுப் போறனுங்க” என்று சொல்லி, லேப் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் தாண்டி வெளியே வந்த டாக்டர் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. சாக்லேட் துண்டு அளவுதான் இருந்தது அந்த மெழுகு. வெயிலில் உருகிவிடுமோ என்று பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் டாக்டரம்மா எங்கள் இருவரையும் வரச் சொல்லி, கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினார். பிளந்த மாதுளை மாதிரி ஓர் உருண்டை, உள்ளே முத்து முத்தாகக் குட்டி உருண்டைகள். இதுதான் அந்தப் பூஞ்சை என்றார். அவர் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பியிருந்த பரிசோதனையிலும் அதுவே வந்திருந்தது. காசநோய் மருந்தை அன்றோடு நிறுத்தச் சொன்னார். இதற்கு வேறு மாத்திரை, ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட வேண்டும், ஆனால் கட்டுக்குள் வந்துவிடும் என்றார். கடைசியாக, இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிற நோயே இல்லை என்றார்.

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்தார். எத்தனை நாளில் குணமாகும், பட்டறைக்குப் போகலாமா, எதுவும் கேட்கவில்லை.

“அப்ப கொழந்தையத் தூக்கலாமுங்களா?”

தாராளமாகத் தூக்கலாம் என்றார் டாக்டரம்மா. என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்ததும் என்னிடமிருந்து போனை வாங்கி, மகளிடம் “கெளம்பி வா கண்ணு” என்று மட்டும் சொன்னார். உடனே போனை என்னிடமே நீட்டிவிட்டார். மீதியை நான்தான் பேசினேன்.

தேறி வர நாளானது. முதலில் காய்ச்சல் நின்றது, பிறகு வியர்வை. இருமல்தான் கடைசியில் போனது. மகள் வந்தபோது அவர் இன்னும் மெலிந்துதான் இருந்தார். ஆனாலும் விமான நிலையத்திலேயே பேத்தியை வாங்கிக்கொண்டவர், வீடு வரும்வரை யாரிடமும் கொடுக்கவில்லை. இப்போது பட்டறைக்குப் போகிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை.

முதல் டாக்டரைப் போய்ப் பார்த்து, முடிவைச் சொன்னேன். குறை சொல்லப் போகவில்லை, அடுத்து இப்படி ஒருவர் வந்தால் உதவுமே என்றுதான் போனேன். அவர் ரிப்போர்ட் முழுவதையும் படித்துவிட்டு, பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் இப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில். பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்புகிற பெற்றோர் யாரைப் பார்த்தாலும், திரும்பி வந்து காய்ச்சல் என்றால் எங்கே போயிருந்தீர்கள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள் என்கிறேன். வைத்தியம் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் எங்கே போனார், என்ன செய்தார், எப்போதிலிருந்து இருமினார் என்பது கூடவே இருந்த எனக்குத்தான் தெரியும், அதைக் கேட்பவர் காதில் விழும்வரை சொல்லிக்கொண்டே இருப்பதும் அவருக்கு நான் கொடுக்க வேண்டிய மருந்துதான் என்று இன்றும் நம்புகிறேன்.