பெயர் எழுதாத பதிவு

கண்டியில் எங்கள் அலுவலகத்தின் பழைய பிறப்புப் பதிவுகளைக் கணினியில் ஏற்றியபோது, தட்டச்சு செய்தவர்களிடம் கறாராகச் சொன்னவன் நான்தான்.

"புத்தகத்தில இல்லாத ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது. வெறுமையா இருந்தால் அப்பிடியே விடுங்கோ."

பிறகு புத்தகங்கள் கொழும்புக்குப் போய்விட்டன; எங்களிடம் கணினி மட்டும்தான் மிச்சம்.

போன மாதம் பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா பிறப்புச் சான்றிதழ் கேட்டு வந்தார். அவருடைய பெயரைக் கணினியில் அடித்தேன். ஒன்றும் வரவில்லை.

"பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே தோட்டத்துக் கிளாக்கர் பதிஞ்சிட்டாருங்க. பொறகு யாரும் போய்ப் பேரு சேக்கல."

பிறந்த திகதியும் அவருக்குத் தெரியாது. எங்கள் தேடலோ பிள்ளையின் பெயரில் மட்டுமே ஓடும்.

"அப்போ பேரு இல்லாத புள்ளைங்கள மட்டும் காட்டச் சொல்லுங்களேன்," என்றார்.

சரியான கேள்வி. ஆனால் அந்தச் சனியன் பிடித்த தேடல் சொற்களை மட்டுமே அறியும். சொல் இல்லாத இடம் அதன் பட்டியலில் ஏறுவதே இல்லை. இடைவெளி அடித்தேன், கோடு போட்டேன். எதற்கும் திரை அசையவில்லை. "பெயரில்லை" என்று ஒரு சொல்லை அன்று எழுத விட்டிருந்தால் இப்போது அகப்பட்டிருப்பார்.

"அடுத்த கிழமை வாங்கோ, அம்மா," என்றேன். அடுத்த கிழமையும் என்னால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

"சரிங்க ஐயா. எத்தன மணிக்கு வரட்டும்?" என்று கேட்டார்.