மாமி அழுத படம்

தியேட்டர் வாசலில் மாமியின் முகம் ஆள் உயரத்துக்கு நின்றது. கண் மூடி, தலைமயிர் விரிந்து, வாய் திறந்தபடி இருந்தது. சனம் அதற்குப் பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்தது. லண்டனில் இருந்து வந்தவள் போல இருந்த ஒரு பெடிச்சி, மாமியைப் போலவே வாயைத் திறந்து காட்டிச் சிரித்தாள். உண்மையான மாமி நான் ஓட்டுகிற வானுக்குள் பின் சீற்றில் இருந்தார். "யன்னலைச் சாத்து தம்பி" என்றார். சாத்தினேன்.

மாமி என் மனைவியின் தாய். பண்டத்தரிப்பில் எங்களோடுதான் இருந்தார். நல்ல மனுசி என்று எழுத மாட்டேன். வாய் பொல்லாதது. ஆனால் செத்தவீட்டில் மாமி அழத் தொடங்கினால் பந்தலுக்கு வெளியே நிற்கிற ஆம்பிளைகளும் கதையை நிறுத்துவார்கள். செத்தவரின் பேரைச் சொல்லி, அவர் நட்ட மரத்தைச் சொல்லி, விழுந்த கிணற்றைச் சொல்லி அழுவார். கூலிக்கு இல்லை. பிடிக்காதவர் செத்தாலும் போய் அழுவார். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் தோய்ந்துவிட்டு, "உவன் உயிரோடை இருக்கேக்கை ஒருத்தருக்கும் ஒரு நன்மை செய்யேல்லை" என்று சொல்லிச் சோறு போட்டுத் தின்பார்.

அவருக்கு மகன் ஒருவன். கனடாவில் இருக்கிறான். அங்கே ஒரு பிள்ளையை விரும்பித் தாய்க்குச் சொல்லாமல் கட்டினான். கலியாணப் படம் போனில் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். பெண்ணின் ஊர், குலம் எல்லாம் மாமி விசாரித்தார். பிறகு, "எனக்கு உவன் செத்திட்டான்" என்று சொல்லிப் போனைத் தொடாமல் விட்டார். அவனும் எடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம்.

அந்தக் காலத்தில்தான் இயக்குநர் வந்தார். நம்மூர்ப் பெடியன், முப்பது வயது இருக்கும். படம் எடுக்கச் சாமான் ஏற்றி இறக்க என் வானைப் பிடித்தார். செத்தவீட்டுச் சீன் ஒன்றுக்குத் தாயாக அழ ஆள் தேவைப்பட்டது. ஊரே மாமியைக் கைகாட்டியது. மாமிக்கும் ஆசைதான். முதல் நாளே தலைக்கு எண்ணெய் வைக்காமல் வந்து நின்றார்.

பிணமாகக் கிடந்தவன் சாவகச்சேரிப் பெடியன். சுவிங்கம் சப்பிக்கொண்டு கிடந்தான். மாமி அழுதார். இயக்குநர் நிற்பாட்டினார். திரும்ப அழுதார். திரும்பவும் நிற்பாட்டினார்.

"அம்மா, சும்மா கத்துறீங்கள். அழுகை வரேல்லை."

"செத்தவன் ஆரெண்டு தெரியாமல் என்னெண்டு மோனை அழுறது? இவன் வாய் அசையுது."

இயக்குநர், கதையில் வருகிற மகனின் பேரைச் சொல்லி அழச் சொன்னார். மாமி சொல்லிப் பார்த்தார். கமராக்காரன், "கடைக்காரனைக் கூப்பிட்ட மாதிரிக் கிடக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாமிக்கு முகம் கறுத்தது. செத்தவீட்டில் ஒருவரும் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை. அப்போது இயக்குநர் பக்கத்தில் குந்தி, மெல்லக் கேட்டார். "அம்மா, உங்களுக்கும் ஒரு மகன் இருக்கிறாராம். கதைக்கிறதில்லையாம். அவர்தான் இதிலை கிடக்கிறார் எண்டு நினையுங்கோ."

மாமி கொண்டையை அவிழ்த்தார். பிறகு மகனின் வீட்டுப் பேரைச் சொல்லித் தொடங்கினார். அந்தப் பேரை இங்கே எழுதவில்லை. அவன் வேப்ப மரத்தால் விழுந்து நெற்றி உடைத்ததைச் சொன்னார். அந்த இரத்தத்தைத் தன் சீலையால் கட்டியதைச் சொன்னார். சொல்லாமல் போன பிள்ளை, சொல்லாமல் கட்டின பிள்ளை, சொல்லாமல் செத்த பிள்ளை என்று நெஞ்சில் அடித்தார். சுவிங்கம் சப்பினவன் கண் திறக்காமலே அழுதான். கமராக்காரனும் அழுதான். முடிந்ததும் இயக்குநர் கைதட்டினார். மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு காணுமோ?" என்று கேட்டுத் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். கோபத்தில் அழுதாரா, பாசத்தில் அழுதாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. உயிரோடு இருக்கிறவனைப் பேர் சொல்லி அழக்கூடாது என்று தெரியாதவர் இல்லை.

அடுத்த பங்குனியில் அந்த மகன், என் மச்சான், தானாகப் போன் எடுத்தான். மனைவியோடு நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறானாம். மாமி போனைக் காதில் வைத்தபடி அழுதார். அது சத்தமில்லாத அழுகை. அன்றிலிருந்து வீடு மாறியது. குசினிக்கு வெள்ளை அடித்தோம். ஒரு நாளும் கதைத்திராத மருமகளுக்குச் சீலை வாங்கினார். பிறகு ஒரு நாள் உலையை இறக்கி வைத்துவிட்டு, "தம்பி, அந்தப் படம் எப்ப வருது?" என்று கேட்டார்.

நல்லூரில் கொடி ஏறினால் வெளிநாட்டுச் சனம் நிறையும். ஊர்ப் படக்காரர் எல்லோரும் அந்த நாட்களில்தான் படத்தை விடுவார்கள். மற்ற மாதங்களில் விட்டால் வெறும் கதிரைகள்தான் படம் பார்க்கும். அதோடு, ஐப்பசியில் கொழும்பில் விருது கொடுக்கிறார்கள். அதற்கு அனுப்ப வேண்டுமென்றால் படம் அதற்கு முன் தியேட்டரில் ஓடியிருக்க வேண்டும். அந்த ஆவணிக்கு நாலைந்து படம் வர இருந்தது. எந்தப் படத்துக்கு விருது, எந்த நடிகனுக்கு விருது என்று தேத்தண்ணிக் கடையில் கூடச் சண்டை பிடித்தார்கள். எல்லோரும் சொன்ன ஒன்று, அழுகிற தாய்க்கு நிச்சயம் என்பது. ஒருவரும் இன்னும் படம் பார்க்கவில்லை. விளம்பரத்தில் வந்த துண்டைத்தான் பார்த்தார்கள். அதில் சத்தம் இல்லை, பாட்டுத்தான்.

நீர்வேலி வாழைக்குலை ஒன்றோடு மாமியை யாழ்ப்பாணத்துக்கு, இயக்குநரிடம் கூட்டிப் போனேன்.

"மோனை, அந்தப் பேரை மட்டும் வெட்டிவிடு."

"சத்தத்தை வெட்டினால் வாய் அசையுமே அம்மா."

"வேறை பேர் போடு. நான் இப்பவே சொல்லித் தாறன்."

"விருதுக்காரர் பொய்ச்சத்தத்தை உடனை பிடிச்சிடுவினம். படம் முழுக்க அந்த ஒரு இடத்திலைதான் நிக்குது அம்மா."

"அவன் வாறான் மோனை. பெஞ்சாதியோடை வாறான்."

"நல்லதுதானே. விருது கிடைச்சா அவருக்கும் பெருமை."

மாமி எழும்பிக் கும்பிட்டார். தன்னிலும் பாதி வயசுப் பெடியனைக் கும்பிட்டார். இயக்குநர் கதிரையைத் திருப்பிக் கணினியைப் பார்த்தார். "அண்ணை, குலையைப் பின்பக்கம் வையுங்கோ" என்று எனக்குச் சொன்னார்.

மச்சான் வந்தான். நெற்றித் தழும்பு அப்படியே இருந்தது. தாயைக் கட்டிப்பிடித்தான். இரண்டு நாள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் யாழ்ப்பாணம் போனவன், தியேட்டர் வாசலில் தாயின் முகத்தைக் கண்டுவிட்டு ஓடி வந்தான். "அம்மா நடிகை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே அத்தான்!" எல்லோருக்கும் படத்துக்கு ரிக்கற் வாங்கி வந்தான். மாமி முழங்கால் நோகுது என்றார். தலைச்சுற்று என்றார். அவன் கேட்கவில்லை. "நீங்கள் இல்லாமல் உங்கடை படத்தைப் பாக்கிறதோ?" என்று தூக்காத குறையாக வானில் ஏற்றினான். என் மனைவிக்கு நடந்தது தெரியும். அவளுக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் சீன் வந்தபோது தியேட்டர் முழுக்க மூக்குறிஞ்சியது. பேர் வந்தது. மரம் வந்தது. நெற்றி வந்தது. மச்சானின் பெண்சாதி இருட்டில் அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அசையவில்லை. சொல்லாமல் கட்டின பிள்ளை என்ற இடத்தில் அவள் தலையைக் குனிந்தாள். சனம் கைதட்டியது. வெளியே வந்ததும் ஆட்கள் மாமியைச் சுற்றிப் படம் எடுத்தார்கள். ஒருவர் "அம்மா, விருது உங்களுக்குத்தான்" என்றார். மச்சான் வானுக்குள் ஏறி இருந்தான்.

வீட்டுக்கு வந்துதான் வாய் திறந்தான். சத்தம் போடவில்லை.

"நல்லா அழுதிருக்கிறியள் அம்மா. ஒண்டும் மிச்சம் விடேல்லை."

"கோவத்திலை மோனை. அப்ப நீ..."

"அப்ப செத்திட்டன். சரி. செத்த பிள்ளை வந்து கொள்ளி வைக்கிறதில்லை. வேறை ஆளைப் பாருங்கோ."

அடுத்த நாள் பெட்டிகளோடு கொழும்பு பஸ் ஏறினான். நான் ஏற்றிப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். தேர்த் திருவிழாவுக்கு இன்னும் நாள் இருந்தது.

ஐப்பசியில் இயக்குநர் போன் எடுத்தார். சிறந்த நடிகைக்கு மாமியின் பேரும் கடைசிப் பட்டியல் வரைக்கும் வந்திருக்கிறதாம். மாமி போகமாட்டார் என்று நினைத்தேன். "போவம் தம்பி" என்றார். "அதையாவது வாங்கி வருவம்."

கிடைக்கவில்லை. வேறு படத்தில் பேசாமல் இருந்த ஒருத்திக்குக் கொடுத்தார்கள். முடிந்து வெளியே வரும்போது நடுவர் ஒருவர் மாமியிடம் வந்தார். நல்ல உடுப்பு, நல்ல குரல். "அம்மா, நல்லாச் செய்தீங்கள். அழுகையைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம். உண்மையில யாரும் இப்படி அழுறதில்லை. நடிப்பு என்று தெரிஞ்சுபோச்சு."

"ஓம் ஐயா" என்றார் மாமி.

இயக்குநர் வேறு ஆட்களோடு சாப்பிடப் போய்விட்டார். நாங்கள் விடியத் திரும்பினோம். வவுனியா தாண்டி வந்தோம். பிறகு, "கிடைக்கேல்லை எண்டு அவனுக்குச் சொல்லிப்போடாதை" என்றார். அதற்குப் பிறகு எந்தச் செத்தவீட்டிலும் மாமி அழவில்லை. போவார், ஓரமாக இருப்பார், எழும்பி வருவார். சனம் கேட்டால், "எனக்கு நடிக்கத் தெரியாதாம்" என்பார். மகனுக்குப் போன் எடுத்துப் பார்ப்பார். மணி அடித்து ஓயும்.

போன மாசியில் மாமி செத்தார். இப்போது எங்கள் பக்கம் செத்தவீடு என்றால் வீடியோக்காரனையும் பிடிக்க வேண்டும். வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு நேரடியாகக் காட்ட வேண்டும். பிடித்தோம். மச்சானுக்கு இணைப்பு அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது, பதில் இல்லை. என் மனைவி தாயின் காலடியில் இருந்து அழத் தொடங்கினாள். வீடியோக்காரன் குனிந்து, "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி அழுங்கோ, முகம் இருட்டாய் விழுது" என்றான். அவள் வாயை மூடினாள். பிறகு பெட்டி எடுக்கும்வரை திறக்கவில்லை. மாமிக்காக ஒருவரும் அழவில்லை.

சுடலையால் வந்து தோய்ந்துவிட்டு நிற்க, போன் அடித்தது. மச்சான்.

"அத்தான், கடைசியிலை படம் நிண்டிட்டுது. கொள்ளி வைச்சது தெரியேல்லை. ஆர் வைச்சது?"

"நான்" என்றேன்.

"ம்" என்றான். வைத்துவிட்டான்.