துரைசாணியின் ஷெரி

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்கு என்னை ஆயாவாக எடுத்தார்கள். நான் வளர்த்த குழந்தை ஒரு வயது முடியுமுன் காய்ச்சலில் போய்விட்டது. துரையின் மனைவி, துரைசாணி, என்னை அனுப்பாமல் துணைக்கு வைத்துக்கொண்டார். அவர் ஸ்பெயினில் வளர்ந்தவர். அவருடைய தகப்பனாருக்கு அங்கே ஷெரி ஒயின் வியாபாரம்.

பல நாள் பேசாமல் கிடந்தவர், திடீரென்று ஷெரி செய்யவென்று பதுளையிலிருந்து உலர்ந்த திராட்சை வரவழைத்தார். "எங்க ஊர்ல பழத்தைப் பாயில வெயிலுக்குப் போடுவாங்க. இங்க பழம் இல்ல, காஞ்சதுதான்" என்றார்.

ஊறவைத்து, நசுக்கி, சாற்றைச் சின்னப் பீப்பாயில் ஊற்றினோம். நுரைத்துப் பொங்கி அடங்கியதும், துரையின் பிராந்தியில் கொஞ்சம் சேர்த்தார். வாய்வரை நிரப்ப விடவில்லை. சில வாரத்தில் மேலே பாலாடைபோல வெள்ளையாகப் படர்ந்தது. கெட்டுப்போனதென்று வழிக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"தொடாத. அதுக்குப் பேரு பூ. அதுதான் ஒயினைக் காப்பாத்துது."

தகப்பனார் வீட்டில் பீப்பாய்களை அடுக்கி வைத்து, அடிப் பீப்பாயில் கொஞ்சம் எடுத்தால் மேலிருப்பதைக் கொண்டு நிரப்புவார்களாம். எதுவும் காலியாவதில்லையாம். இதையெல்லாம் சொன்ன அன்று அவர் முகம் தெளிந்திருந்தது.

அந்த வருஷ மழையில், தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களில் வாந்திபேதி வந்தது. என் தங்கச்சியும் படுத்துவிட்டாள் என்று வாசல் கூட்டுகிறவள் சொன்னாள். அவளைப் பார்க்கப் போகவேண்டுமென்று துரையிடம் போய் நின்றேன்.

"போனா போ. திரும்பிப் பங்களாவுக்கு வரக்கூடாது" என்றார்.

போகிறேன் என்று சொல்லிவிட்டேன். பின்வாசலில் துரைசாணி ஒரு போத்தலைக் கொடுத்தார். அந்த ஷெரிதான். "கரண்டியால குடு. பலம் வரும்."

தங்கச்சியின் கண்கள் குழிந்திருந்தன. அவளுக்கு வேறு கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டு கரண்டி கொடுத்தேன். அதையும் வாந்தியெடுத்தாள்.

"என்னக்கா இது, எரியுது. தண்ணி குடு" என்றாள்.

வாந்திபேதிக்காரருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாதென்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். நான் கொடுக்கவில்லை. மறுநாள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். தண்ணீர் கேட்டவளுக்கு இல்லையென்றதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்குவதில்லை.

பங்களா வாசல் எனக்குத் திறக்கவில்லை. ஆட்களை வேலைவாங்கும் கங்காணி என்னைத் தேயிலைக் கொழுந்து எடுக்க அனுப்பினார். மழை விட்ட பிறகு ஒருநாள் துரைசாணி தேயிலை மலைக்கு வந்து, நான் கொழுந்து எடுத்த செடி நிரையின் ஓரத்தில் நின்றார்.

"தங்கச்சி?"

"செத்துப்போச்சிங்க."

"நான் குடுத்தது குடிச்சாளா?"

"குடிச்சாளுங்க. நல்லாருக்குன்னு சொன்னாளுங்க."

ஏன் அப்படிச் சொன்னேனென்று தெரியவில்லை. அவர் அழுதார். அடுத்த மாதம் அவரை ஊருக்கே கப்பலேற்றி அனுப்பிவிட்டார்களென்று கேள்விப்பட்டேன்.