லோரி ஓட்டும் ரதி

உலகத்திலேயே அழுவதில் கமலநாதன் அங்கிளை அடிக்க ஆளில்லை. அவர் ஒப்பாரி எடுத்தால் கிள்ளான் ஆறு கடலுக்குப் போகாமல் திரும்பி வந்து, கரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தும். நிலா ஒருமுறை இறங்கி வந்து கைக்குட்டை கேட்டதாகக் கேள்வி.

மற்ற நாளில் அவர் துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர். பந்திங் பக்கம் எங்கள் கம்பத்தில், அதாவது கிராமத்தில், காமன் கூத்து வந்துவிட்டால் சேலை கட்டி ரதியாகிவிடுவார். சிவன் மன்மதனை எரிப்பார்; மன்மதனின் மனைவி ரதி அழுவாள். எரிகிற மன்மதன் நான்தான். மீசை மட்டும் மையால் வரைந்தது.

அவர் மகள் மாதவிக்கு இது ஆகாது. பள்ளியில் பிள்ளைகள் "உங்கப்பா சேலை" என்று சிரித்த நாளிலிருந்து கூத்துப் பக்கமே வந்ததில்லை. இப்போது நகரத்தில், பங்சாரில் ஆபீஸ் வேலை. போன வருடம் எங்கள் கூத்தைப் படமெடுக்க ஒரு குழு வந்தபோது, அங்கிள் கேட்டது ஒன்றுதான்.

"படத்த பிரிக்பீல்ட்ஸ்ல போடுவீங்களா? என் மவ ஆபீஸ் கிட்டலா."

அங்கே ஒரு மண்டபத்தில் போட்டார்கள். பக்கத்து நாற்காலியில் மகளுக்காகத் துண்டு விரித்தார். விளக்கு அணைந்த பிறகும் துண்டு மட்டுமே உட்கார்ந்திருந்தது. மணி பார்ப்பதாகச் சொல்லி அவர் போனை வாங்கிக்கொண்டு வெளியே போய் மாதவி அக்காவுக்குச் செய்தி தட்டினேன்: "அக்கா, அப்பா படியில விழுந்துட்டாரு. நடக்க முடியல. மண்டபத்துக்கு வாங்க."

பாதிப் படத்தில் அக்கா ஓடிவந்தார். திரையில் நெருப்பு அடங்கி, சாம்பல் பனியைப் போல மிதந்தது. புகைக்குள்ளிருந்து ரதி வந்தாள். லோரிக்காரரின் தோள் எங்கே கரைந்ததோ! சாம்பலை அள்ளிக் கன்னத்தில் வைத்து அவள் கூப்பிட, மண்டபமே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் மெல்ல அசைந்தது. அக்கா துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அதிலேயே முகத்தைத் துடைத்தார். என் கண்ணிலும் ஏதோ தூசி. பழைய மண்டபம், அப்படித்தான்.

விளக்கு எரிந்தது.

"கால் எப்படிப்பா இருக்கு?"

அங்கிள் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"வலிதாம்மா."

"இன்னைக்கு என் வீட்டுல தங்குங்க. அடுத்த கூத்துக்குள்ள சரியாவணும்ல?"

அங்கிள் என் தோளைப் பிடித்து நொண்டினார். கார்க் கதவைத் திறக்க அக்கா முன்னே போனதும், என் காதைத் திருகிக் கிசுகிசுத்தார்:

"எந்தக் காலுன்னுடா சொல்லிவெச்ச?"