அம்மாவுக்காக நான் வைத்த கையெழுத்து

எண்பத்தேழாம் ஆண்டு மாரிகாலம். பாரிசில் லா ஷப்பலுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வயது பதின்மூன்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம்தான், ஆனால் வீட்டில் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் நான். வருகிற கடிதமெல்லாம் நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்?

பள்ளியில் கார்னே என்று ஒரு சின்னக் கொப்பி தருவார்கள். பிந்தி வந்தாலோ வீட்டுப்பாடம் செய்யாவிட்டாலோ ஆசிரியர் அதில் எழுதுவார், பெற்றோர் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். என் கார்னேயில் அம்மாவின் கையெழுத்தை வைத்தது நான். களவாக இல்லை. "எனக்கு உவையின்ரை பிரெஞ்சு எழுத்துத் தெரியாது, நீயே வை பிள்ளை" என்று அம்மாவே குசினிக்குள் நின்று சொல்லிவிடுவார். நானும் பெரிய மனுசி மாதிரி வளைத்து நெளித்து வைப்பேன்.

என் பக்கத்தில் இருந்தவள் மாலி நாட்டுக் கறுப்பினப் பிள்ளை. பள்ளி விட்டதும் ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் இருந்த தமிழ்க்கடைக்கு முன்னால் நின்று ஒரு றோல்ஸை இரண்டாகப் பிய்த்துத் தின்போம். உறைப்பில் அவளுக்குக் கண்ணீர் வரும், ஆனாலும் விடமாட்டாள். வகுப்பில் சத்தம் கேட்டால் ஆசிரியர்கள் யாரென்று பாராமலே அவள் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். பாதி நேரம் சத்தம் போட்டது நானாக இருக்கும். அவளுடைய தாய் விடியமுன் அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போகிறவர், எழுத வாசிக்கத் தெரியாது. அதனால் அவளும் தன் கார்னேயில் தானே கையெழுத்து வைத்தாள். அந்த யோசனையைக் கொடுத்தது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஒரு திங்கட்கிழமை அது பிடிபட்டது. கள்ளக் கையெழுத்து, வியாழனிலிருந்து மூன்று நாள் பள்ளிக்கு வரக்கூடாது என்றார் அதிபர். ஏற்கனவே அவள்மேல் முறைப்பாடுகள் இருந்ததால் வேறு பள்ளிக்கே அனுப்பிவிடலாம் என்றும் பேச்சு வந்தது. அவள் அழவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

நான் வாய் திறக்கவில்லை. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது பதில் வரவில்லை, வதிவிட அனுமதிக் காட் கைக்குக் கிடைக்கவில்லை. "காட் வருமட்டும் ஒரு சோலிக்கும் போகாதை" என்று அப்பா நாளுக்கு நாலு தரம் சொல்லுவார். அவளோடு கனக்கச் சேராதே என்றும் சொல்லுவார். எங்கள் ஆட்களிடமும் கறுப்பினத்தவர்மேல் அந்தப் பார்வை இருந்தது, அதை மறைத்து என்ன பயன்? அன்று பின்னேரம் தனியாக வாங்கிய றோல்ஸைப் பழக்கத்தில் இரண்டாகப் பிய்த்துவிட்டு, அவளுடைய பாதியைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் வகுப்புத் தொடங்கமுன் எங்கள் பொறுப்பாசிரியையிடம் போனேன். என் கார்னேயை மேசையில் வைத்து, இதுவும் நான் வைத்த கையெழுத்துத்தான் என்றேன். அவரோ சிரித்தார்.

"தெரியும். தொடக்கத்திலேயே தெரியும். அம்மாவுக்கு உதவி செய்கிறாய் என்று விட்டுவிட்டேன்" என்றார்.

"அவளும் அம்மாவுக்குத்தான் உதவி செய்தவள், மதாம்."

துணிச்சலில் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. அவர் முகம் சிவந்துபோயிற்று. மேசை லாச்சியைத் திறந்து அவளுடைய கார்னேயை எடுத்து என்னுடையதோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டையும் தூக்கிக்கொண்டு அதிபரிடம் போனார். வெளியே நின்ற எனக்குக் கடைசியில் அவர் குரல் மட்டும் கேட்டது: "தண்டனை என்றால் இரண்டு பேருக்கும். இல்லையென்றால் ஒருவருக்கும் வேண்டாம்." காட் போச்சு என்றுதான் நினைத்தேன்.

ஒருவருக்கும் தண்டனை இல்லை என்று முடிந்தது. வகுப்புக்குத் திரும்பி வந்தவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் என் தோழியிடம் மன்னிப்புக் கேட்டார். ஊரில் நான் ஆசிரியர் கையில் பிரம்பைத்தான் கண்டிருக்கிறேன். அப்போதுதான் அவள் அழுதாள்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு தாய்மாரையும் கூப்பிட்டார். அவளுடைய தாய் நல்ல நீலச் சட்டை போட்டு வந்து பேனையால் ஒரு வட்டம் போட்டார். இனி இதுதான் உங்கள் கையெழுத்து என்று ஆசிரியை குறித்துக்கொண்டார். என் அம்மா பேனையோடு தயங்கினார்.

"தமிழிலை வைச்சால் ஏற்பினமோ? கேள் பிள்ளை."

கேட்டேன். ஏன் கூடாது என்றார் ஆசிரியை. அம்மா தன் முழுப்பெயரையும் தமிழில் ஒரே இழுவையில் எழுதினார். இரண்டு வருடமாக அவரை எழுதத் தெரியாத ஆளாக்கி வைத்திருந்தேனே என்று எனக்குச் சுரீரென்றது.

தோழி இப்போது ஒபர்வில்லியேயில் இருக்கிறாள். சந்தித்தால் இன்றைக்கும் றோல்ஸ்தான், கண்ணீர்தான், சிரிப்புத்தான். ஆனால் நான் கேட்காமலே எனக்குக் கிடைத்திருந்த மன்னிப்பு அவளுக்குக் கிடைக்க ஒரு ஆள் போய்ச் சொல்லவேண்டி இருந்ததும், அந்த ஆள் ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்ததும் நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.