கரைக்குக் கீழே ஒரு நாற்காலி

நான் தாசில்தாராக இருந்த எண்பதுகளிலும் கமுதிப் பக்கத்து ஊர்களில் அந்தப் பதவிக்கு வெள்ளைக்காரன் காலத்து மரியாதைதான். ஜீப் நின்றால் நாற்காலி வரும், இளநீர் வரும். அதையெல்லாம் எனக்கே தருகிறார்கள் என்று நம்பிய முட்டாள் நான்.

ஒரு ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. ஓர் ஊரில் கண்மாய் தளும்பிவிட்டது. மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கை, நிலக்காரர்கள் பனங்கட்டையும் களிமண்ணும் வைத்து அடைத்திருந்தார்கள். தை கடைசி வரை தண்ணீர் நிற்க வேண்டுமாம். கரை உடைந்தால் அதன் கீழே இருக்கும் கூலிக்காரர் வீடுகள் ஒன்றும் மிஞ்சாது. அடைப்பைப் பிரிக்கச் சொல்லத்தான் போனேன்.

கரைமேல் மண்வெட்டியோடு நிலக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நிலக்காரர்களில் மூத்தவர் சிரித்தார்.

"ஆகட்டும் சார், மழை வெறிக்கட்டும், பாப்போம். நீங்க கெளம்புங்க."

தலையாட்டிவிட்டு இறங்கினேன். 'அறிவுறுத்தப்பட்டது' என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம் என்பதுதான் என் திட்டம்.

கீழே ஒரு பெண், முழங்கால்வரை வயல் சேற்றோடு, வழி மறித்தாள். "ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போங்க சார்." கரையடியில் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு ஆள் உயரத்துக்குக் கரை. நடுவில் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்து மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தது. துள்ளி எழுந்தேன். ஜீப்புக்கு முன்னால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"கோவிச்சுக்கிறாதீக சார்," என்றாள் அவள். "நாங்க செத்தா அவுகளுக்கு ஒண்ணுமில்ல. நீங்க இங்கன இருந்தா தொறந்துதான ஆகணும்?"

மிரட்டினேன், கெஞ்சினேன். எனக்கு மூன்று வயதில் மகள் இருக்கிறாள் என்றுகூடச் சொன்னேன்.

"எம்மகளுக்கும் மூணுதான் சார்," என்று குடிசையைக் காட்டினாள்.

கசிவு கையகலமானது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். அப்படி ஒரு பயத்தை அதற்குப் பிறகு நான் பட்டதில்லை. அப்போது மேலே மூத்தவரின் குரல் கேட்டது.

"ஏலே, சீக்கிரம் பிரிங்கலே! தாசில்தாரு கீழ உக்காந்திருக்காரு!"

கலுங்கில் தண்ணீர் இரைந்து விழுந்தது. பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள். என் உத்தரவால் கலுங்கு திறக்கப்பட்டதாக அறிக்கை எழுதினேன். பாராட்டும் வந்தது.

அடுத்த ஐப்பசியில் மழை பிடித்த மூன்றாம் நாள், அந்தப் பெண் அலுவலக வாசலில் நனைந்தபடி நின்றாள்.

"மறுபடியும் அடச்சுட்டாக சார். நாற்காலி போட்டு வச்சிட்டு வந்திருக்கேன்."

நடுங்கிக்கொண்டேதான் ஜீப்பில் ஏறினேன்.