பானெட்டில் விழுந்த பள்ளம்

கட்டிய மனைவியின் வாசலிலேயே சக்களத்தியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "ஒரு சொம்பு தண்ணி கொண்டா புள்ள" என்று சிரித்த முகத்தோடு கேட்க எங்கள் வீட்டுக்காரரால்தான் முடியும். டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். நீண்ட மூக்கு, வெளுத்துப்போன நீல நிறம், பின்னால் திறந்த தொட்டி. என் மகள் பிறப்பதற்கு முன்பே ரோட்டுக்கு வந்துவிட்ட பழைய பிக்கப் வண்டி. நான் தண்ணீர் கொண்டுபோனேன். பாதியைக் குடித்துவிட்டு மீதியை அதன் மூக்கில் ஊற்றிக் கையால் துடைத்தார்.

அதை எனக்கு முன்பே தெரியும். திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வேலைக்கு ஆள் அனுப்பாத குடும்பம் குறைவு. இவர் டிரில்லர். போர்வெல் போடும் லாரியோடு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று கிளம்பினால், மழைக்காலத்தில் வேலை நிற்கும்போதுதான் வீட்டுப் பக்கம் தலைகாட்டுவார். லாரிக்குப் பின்னாலேயே அரிசி, டீசல், தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போனது இந்தப் பிக்கப்தான். அதை ஓட்டியவரும் இவர்தான். வருஷத்தில் பெரும் பகுதி அதோடு இருந்தார், மழை பெய்தால் என்னோடு இருந்தார். இதில் யார் பெண்டாட்டி, யார் சக்களத்தி என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் அந்த நாட்களில் நான் அழுது வடிந்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. காரணம் போன். அங்கே பொழுது சாய்ந்து வேலை நின்றதும் கூப்பிடுவார். "சாப்ட்டியா சாமி?" என்றுதான் பேச்சு தொடங்கும். பிறகு நிற்காது. அன்றைக்குப் பாறை எவ்வளவு முரண்டு பிடித்தது, சமையல்காரர் குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டது, தண்ணீர் பீய்ச்சி அடித்ததும் அந்த ஊர்ப் பெண்கள் குடத்தைக் கீழே போட்டுவிட்டு ஆடியது என்று ஒன்று விடாமல் சொல்வார். நான் எருமை கன்று போட்டதைச் சொல்வேன், மகள் கணக்கில் கோட்டை விட்டதைச் சொல்வேன். வைக்கும்போது, "மிச்சத்த ஊட்டுக்கு வந்து பேசிக்கலாம் சாமி" என்பார்.

அந்த மிச்சத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். முதுகுவலி முற்றி, இனி ரிக் வேண்டாம் என்று அவர் ஒரேயடியாக வந்து சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாம் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். சாயங்காலம் வாசலில் இரண்டு நாற்காலி, இரண்டு டம்ளர் காபி, அவர் பேச வேண்டும், நான் கேட்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

நாற்காலி போட்டேன், காபியும் வைத்தேன். மனிதர் வாய் திறக்கவில்லை. "ம்" என்றார், "செரி" என்றார், ஒருநாள் "மழ வரும் போல" என்றார். சாமி என்ற சொல்லையே காணோம், "இந்தா" ஆகிவிட்டேன். அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் வேலை செய்யும் மகளிடம் போனில் புலம்பினால், "அப்பாவுக்குப் பழகட்டும்மா, விடுங்க" என்றாள். எத்தனை நாள்தான் விடுவது?

அப்படி இருக்கும்போதுதான் ரிக் முதலாளி பழைய பிக்கப்பைக் காயலான் கடைக்குத் தள்ளப்போகிறார் என்று காதில் விழுந்து, இவர் ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்தார். "மனசு கேக்கல புள்ள. கூடவே கெடந்த வண்டி" என்றார். வீட்டுக்கு வந்த பிறகு அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். அதுவும் அவளைப் பற்றி.

இன்ஜின் சீக்கிரமே உயிர் பிடித்துவிட்டது. பிடிவாதம் எல்லாம் பானெட்டில்தான். மூடினால் ஓட்டுகிற பக்கத்துப் பின்மூலை தூக்கிக்கொண்டு நிற்கும், என் சுண்டுவிரல் தாராளமாகப் போய்வரும். மறுபக்கம் மட்கார்டில் உரசி இருக்கிற பெயிண்டையும் சுரண்டும். முன்னால் லாக் விழ வேண்டுமென்றால் ஓர் ஆள் சாய்ந்து அமுக்க வேண்டும். ஓட்டிப் பார்த்தால் தகரக் கொட்டகையில் குரங்கு குதிக்கிற சத்தம்.

மகள் வாங்கிக் கொடுத்த டேப்லெட் திரையில், பழைய பிக்கப் வண்டிகளுக்குப் பானெட் பொருத்தும் வெள்ளைக்காரர்களைப் பார்க்க ஆரம்பித்தார். இங்கிலீஷ் புரியாது, அதனால் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் பார்ப்பார். என் முகத்தை அந்த அளவுக்கு உற்றுப் பார்த்தது பெண் பார்க்க வந்தபோது மட்டும்தான்.

கீலைச் சுற்றி ஆணியால் கோடு கிழித்துக்கொள்வார், பழைய இடம் தவறிப்போகாமல் இருக்க. போல்ட்டைப் பிடித்தும் பிடிக்காமலும் தளர்த்துவார். பானெட்டை ஒரு நூல் பின்னால் தள்ளுவார், மூடுவார், குனிந்து இடைவெளியைப் பார்ப்பார், மறுபடி திறப்பார். ஒருநாள் நான் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெளியே அவர் குரல் கேட்டது. "மெதுவா வா சாமி. இன்னுங் கொஞ்சம். அவ்வளவுதா சாமி."

கையில் இருந்த குண்டா நழுவிச் சிமெண்ட் தரையில் விழுந்தது. வேண்டுமென்றேதான் விட்டேன். "என்ன ஒடஞ்சது?" என்று கேட்டார், எட்டிப் பார்க்கவில்லை.

பானெட் ஒற்றை ஆள் வேலை இல்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்தால்தான் தூக்கவும் நகர்த்தவும் முடியும். "இந்தா, அந்தப் பக்கம் புடி" என்றார். பிடித்தேன். சக்களத்திக்குத் தலை வாரிப் பூ வைத்துவிடுகிற கதி எனக்கு. பிடித்தபடியே நானும் கவனிக்கத் தொடங்கினேன், எதிரியின் குறை என்ன என்று தெரிய வேண்டுமே. கீலை எப்படி நகர்த்தினாலும் மூலை இறங்கவில்லை. ரேடியேட்டரைத் தாங்குகிற சட்டத்துக்கு அடியில் ரப்பர் மக்கிப்போய் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது தெரிந்தது. புது ரப்பர் போட்டு, வாஷர் அடுக்கி, மட்கார்டை மேலே கொண்டுவந்தார். முன்பக்கம் கொஞ்சம் ஒழுங்கானது. பின்மூலை அப்படியே நின்றது. கீல் சரியில்லை என்று வேறு கீல் தேடி நாமக்கல் பட்டறைகளையெல்லாம் சுற்றினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். புதுக் கீலிலும் அவள் அப்படித்தான் நின்றாள்.

கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த காலையில்தான் எனக்குப் பிடிபட்டது. கோலம் போட வாசலுக்கு வந்தேன். பானெட் மேல் ஒரு காக்கை உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. மேடாக இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் எப்படி நிற்கும்? கிட்டே போய்ப் பார்த்தால் நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம். சும்மா பார்த்தால் தெரியாது, தண்ணீர் நின்றதால் தெரிந்தது. நடு அமுங்கியதால் ஓரம் இரண்டும் வெளியே விரிந்து, ஒரு பக்கம் உரசி, மறுபக்கம் மூலையைத் தூக்கியிருக்கிறது.

"ஏனுங்க, குத்தம் கீலுல இல்லீங்க. அவ முதுகே கோணலா இருக்குது, வந்து பாருங்க" என்று கத்தினேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வந்து பார்த்தார். பள்ளத்தில் கை வைத்துத் தண்ணீரை மெதுவாகத் தள்ளிவிட்டார். "ஆமா" என்றார், அவ்வளவுதான்.

அன்றைக்கே பானெட்டைக் கழற்றினோம். கவிழ்த்துப் போட்டு உள்பக்கமிருந்து தட்டி எடுக்க வேண்டும், கீழே மெத்தென்று ஏதாவது வேண்டும் என்றார். சாக்கு எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். என் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் கட்டிலோடு கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"எங்கப்பன் குடுத்த மெத்தைங்க அது!"

"பழசுதான புள்ள. நாம எங்க அதுல படுக்கறோம்?"

ஆமாம், எங்கே படுத்தோம்? அவர் படுக்கத்தான் வீட்டிலேயே இல்லையே. அந்த மெத்தையை வருஷா வருஷம் வெயிலில் போட்டுத் தட்டி எடுத்து வைத்தது நான். இப்போது அதில் அவள் மல்லாந்து கிடந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மரச்சுத்தியலை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். "நாந் தட்டறேன், நீங்க எடத்தக் காட்டுங்க."

முதலில் உள்ளே வளைந்திருந்த பட்டையை அவர் நிமிர்த்தினார். பிறகு நான் தட்டினேன். ஒரே இடத்தில் ஓங்கி அடிக்கக் கூடாது, ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டும். வந்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வருஷத்துக் கோபம் இறங்கியது. அவர் பக்கத்தில் குந்தியபடி, "மெதுவா புள்ள, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தேன். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. அவளுக்கு வலிக்குமே என்று துடிக்கிறார் என நினைத்து இன்னும் இரண்டு போட்டேன். திருப்பிப் பார்த்தபோது பள்ளம் போன இடம் தெரியவில்லை.

மாட்டினோம். பின்மூலை இறங்கியது, இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி. மேலிருந்து விட்டால் இரண்டு விரல் அழுத்தத்தில் 'டக்' என்று லாக் விழுந்தது. தெருவில் போன பெண்கள்கூட நின்று பார்த்தார்கள். இவர் முன்னால் கறுப்புக் கயிறும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது பாரு" என்றார். அவள் மேல் பட்ட கண்ணெல்லாம் என் கண்தான் என்று அவருக்கு எங்கே தெரியும்?

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரிக்கில் இவர்களுக்குச் சமைத்துப் போட்டவர் வந்தார். குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்ட அதே மனிதர். இப்போது மேச்சேரியில் ஆடு வளர்க்கிறார். தூக்குப் போசி நிறையக் கறியோடு வந்தவர், வண்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். பானெட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"எங்கீங்ண்ணா அந்தப் பள்ளம்?"

"நாந்தானுங்க தட்டி எடுத்தேன்" என்றேன் பெருமையாக.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "போச்சு போங்க அண்ணி. அது அண்ணன் படுக்கற எடமில்லீங்களா? அந்தப் பொட்டக் காட்டுல கீழ நின்னா டவர் கெடைக்காதுங்க. பானெட்டு மேல ஏறுனாத்தான் போன் பேச முடியும். வேல முடிஞ்சா அண்ணன் நேரா அங்க ஏறிப் படுத்துக்குவாரு. இன்ஜின் சூடு முதுகுக்கு எதமா இருக்குதும்பாரு. நாஞ் சோத்தப் போட்டு வெச்சுட்டுத் தொண்ட கிழியக் கத்துவேன். 'இரப்பா, ஊட்டுக்குப் பேசிட்டிருக்கறன்'னு எறங்கவே மாட்டாரு. வருசக்கணக்காப் படுத்துப் படுத்து விழுந்த பள்ளமுங்க அது."

இவர் தலையைக் குனிந்துகொண்டு கறுப்புக் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

எனக்குக் கண் கலங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். கலங்கவில்லை, வயிறுதான் எரிந்தது. இத்தனை நாள் வண்டியின் மேல் எரிந்தது, இப்போது வேறொருத்தியின் மேல். போனுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "ம், அப்பறஞ் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாளே, அவள் மேல். அவளுக்கும் என் மூக்குத்திதான், என் தாலிதான். ஆனால் அவளோடு பேசுவதற்காக ஒரு மனிதர் சோற்றை ஆறவிட்டுத் தகரத்தில் படுத்துக் கிடந்திருக்கிறார். அவள்தான் சாமி. பக்கத்தில் காபியோடு உட்கார்ந்திருக்கும் நான் இந்தா. போதாததற்கு, அவர் என்னோடு பேசியதற்கு இருந்த ஒரே அடையாளத்தையும் என் கல்யாண மெத்தையில் போட்டு நானே தட்டி எடுத்திருக்கிறேன். தன் வினை தன்னைச் சுடும் என்பது சும்மா இல்லை.

விருந்தாளி சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு கேட்டேன். "ஏனுங்க, அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"என்னத்தச் சொல்றது" என்றார். துணியை எடுத்துக்கொண்டு வண்டி துடைக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் நாற்காலி போடவில்லை, காபியும் வைக்கவில்லை. அடுப்படி ஜன்னல் ஓரமாக நின்றேன். வாசலில் அவர் பானெட்டுக்கு எண்ணெய்த் துணி போட்டுக்கொண்டிருந்தார். என்ன தோன்றியதோ, போனை எடுத்து அவருக்கு அடித்தேன்.

அவர் சட்டைப்பையில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தார், வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டேன். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். காதில் வைத்தார். எண்ணெய்த் துணியைக் கீழே போட்டார்.

"சாப்ட்டியா சாமி?" என்றார்.

மத்தியானம் அவருக்குப் பரிமாறியவளே நான்தான். "ஆச்சுங்க" என்றேன். "நீங்க?"

"ஆச்சு, ஆச்சு. இன்னைக்கு ஒரு கூத்தக் கேளு சாமி. நம்ம சமையக்காரன் வந்திருந்தான். கறி கொண்டாந்தான், ஆனா உப்புப் போட மட்டும் யாரும் உடல அவன…"

பேச ஆரம்பித்துவிட்டார். அவன் எப்படி இளைத்துப்போனான், ஆடுகளுக்கு என்ன தீவனம் போடுகிறான், ஊருக்கு வந்த புதிதில் இவருக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன பேசுவது என்றே தெரியாமல் இருந்தது என்று எல்லாம் சொன்னார். சொல்லிக்கொண்டே வண்டியைச் சுற்றி நடந்தார். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பம்பரில் கால் வைத்தார், ஏறினார், பானெட்டில் மல்லாந்து படுத்தார். 'டொம்' என்று தகடு அமுங்கிய சத்தம் ஜன்னலிலும் கேட்டது, போனிலும் கேட்டது. இத்தனை நாள் பட்ட பாடு எல்லாம் போனது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

நான் கூப்பிடு தூரத்தில் நிற்கிறேன். அவர் பேசுவது அவளோடு. எனக்கு எரியாமல் இல்லை, நன்றாகவே எரிந்தது. போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டு, "ம், அப்பறஞ் சொல்லுங்க" என்றேன்.